கால் ஆணி, காய்ப்பு: எவ்வளவு தேய்ப்பது, எங்கே நிறுத்துவது

மண்வெட்டி பிடிக்கும் கை, வீணைத் தந்தியை அழுத்தும் விரல், செருப்பு வார் உரசும் கால் என்று அழுத்தம் திரும்பத் திரும்ப விழும் இடத்தில் தோல் காய்த்துப்போகும். அங்கே அடித்தோலுக்கு மேலுள்ள செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகுகின்றன. கெரட்டின் என்ற கடினமான புரதம் நிரம்பிச் செத்து மேலே வந்தவை உதிராமல் ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காகச் சேர்கின்றன. எலும்பு துருத்தும் சின்ன இடத்தில் அழுத்தம் குவிந்தால், அதே தடிப்பு ஆப்பு மாதிரி உள்நோக்கி இறுகும். அதுதான் ஆணி. அதற்கு வேர் கிடையாது; வேரோடு எடுக்கிறேன் என்று பிளேடு வைக்காதீர்கள்.

முதலில் அது ஆணிதானா என்று பாருங்கள். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலித்து, கரும்புள்ளிகள் தெரிந்து, தோல் ரேகை அதன்மேல் ஓடாமல் விலகிப்போனால் பெரும்பாலும் மரு. மரு வைரஸால் வருவது, தேய்த்தால் பரவும்.

காய்ப்பு என்றால் வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் காலை ஊறவிடுங்கள். கால் தேய்க்கும் கல்லையும் நனைத்து, ஒரே திசையில் மெல்லத் தேய்க்கவும். செத்த தோல் மாவு மாதிரி வெள்ளையாக வரும். இளஞ்சிவப்பு தெரிந்தாலோ லேசாக எரிந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்களுக்குத்தான் புண்ணாகிறது. ஈரத்தை ஒற்றி எடுத்து, 10 முதல் 20 சதவீத யூரியா க்ரீம் தடவுங்கள்; விரலிடுக்கில் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வாரம் 2, 3 முறை போதும்.

மருந்துக்கடை ஆணி பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். நல்ல தோலையும் அது அரிக்கும். ஆணி அளவுக்கே வெட்டி ஒட்டி, சுற்றிலும் வாஸ்லின் தடவுங்கள்.

இத்தனையும் செய்து செருப்பை மாற்றாவிட்டால் காய்ப்பு திரும்ப வரும். வெறுங்காலோடு காகிதத்தில் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, அதன்மேல் செருப்பை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் செருப்பு குறுகல். புதிதாக வாங்குவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கல், பிளாஸ்திரி எதையும் தொடக்கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் காய்ப்புக்கு அடியிலேயே புண் உருவாகும், வலிக்காது. காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு பற்றியும் கேளுங்கள்.