பலகையைச் சாய்த்துப் பெயின்ட் ஊற்றுதல்: ஃபிராங்க் போலிங்கின் முறை

அன்றைய பிரித்தானிய கயானாவில் 1934இல் பிறந்த ஓவியர் ஃபிராங்க் போலிங், 1953இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். நியூயோர்க்கில் இருந்த நாட்களில், 1973இல், சாயும் மேடையொன்றில் கான்வஸைப் பொருத்தி, மேலிருந்து அக்ரிலிக் பெயின்ட்டை ஊற்றத் தொடங்கினார். சிலவேளை இரண்டு மீற்றர் உயரத்திலிருந்தும் ஊற்றினார்.

இதை நாமும் செய்து பார்க்கலாம். திருகோணமலை வீட்டு விறாந்தைக்கு 5 அடி நீளம், 3 அடி அகலப் பிளைவூட் பலகை போதும். மேல் முனையை 2½ அடி உயர்த்தினால் சரிவு 30 பாகை; 3½ அடி என்றால் ஏறக்குறைய 45. முதல் தடவை 30ஐத் தாண்ட வேண்டாம். கதிரையில் சாத்தினால் பலகை வழுக்கும். கீழ் முனைக்குச் செங்கல் அண்டை கொடுங்கள். பொலித்தீன் விரித்து, அதன்மேல் ஜெஸ்ஸோ (கான்வஸுக்கான வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு தரம் பூசிய 2க்கு 4 அடிக் கான்வஸை இழுத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். தொய்ந்தால் நடுவில் பெயின்ட் குளம் கட்டும்.

பதம்தான் எல்லாம். நிறம் ஒன்றுக்கு 200 மில்லிலீற்றர் பெயின்ட்டை யோகட் கப்பில் எடுத்து, 40 மில்லிலீற்றர் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். குச்சியைத் தூக்கினால் கித்துள் பாணி மாதிரி அறுபடாமல் விழவேண்டும். விழுந்த கோடு மூன்று வினாடிக்குள் மறையவேண்டும். இன்னும் இளகவேண்டுமா? தண்ணீருக்குப் பதிலாக அக்ரிலிக் மீடியம் (நிறம் சேராத அக்ரிலிக் பசை) சேருங்கள். தண்ணீர் மிஞ்சினால் பெயின்ட்டின் பிடிப்புப் போய், காய்ந்தபின் தூளாக உதிரும். கடலோரக் கிணற்று உவர்த்தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் பூக்கும்.

மேல் விளிம்பில், ஒரே கையோட்டத்தில் ஊற்றுங்கள். நீலம் ஈரமாக இருக்கும்போதே செம்மஞ்சள் விட்டால் சேற்று நிறம்தான் மிஞ்சும். ஊற்றியபின் குச்சியால் 'திருத்த' வேண்டாம். ஓட்டத்தின் உயிரே போய்விடும். கீழே மடிப்பு மடிப்பாகக் குவிவதை அப்படியே விடுங்கள்.

கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் அந்தக் குவியல்தான் முதலில் வெடிக்கும்: மேல்தோல் காய்ந்து சுருங்க, அடி ஈரமாகவே கிடக்கும். காற்றுப்படாத அறைக்குள் ஊற்றுங்கள், மின்விசிறியும் வேண்டாம். மணல் ஒட்டினால் பரவாயில்லை. போலிங்கே பின்னாளில் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்களைப் பெயின்ட்டுக்குள் புதைத்தவர். மாரியில் வெடிப்புக் குறைவு, ஆனால் தடித்த இடம் காய ஒரு வாரத்துக்கு மேலாகும், துணியின் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். மேற்பரப்புக் கையில் ஒட்டாத நிலை வந்ததும் பொலித்தீனை உருவிவிடுங்கள்.

மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட அவசரப்பட்டால் குவியலின் தோல் கிழியும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாவிட்டால் கட்டலாம்.