ஃபயர்பாக்ஸில் புதியவை: டேப்களை அடுக்குவது முதல் எழுத்துருவைப் பிடிப்பது வரை

நாற்பது டேப்களைத் திறந்து வைத்துவிட்டு, வேண்டிய ஒன்றைத் தேடி ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பவர்களுக்கான விளக்கம் இது. ஃபயர்பாக்ஸில் டேப் ஓரளவுக்கு மேல் சுருங்காது. இடம் போதாவிட்டால் திரைக்கு வெளியே ஒளிந்துகொள்ளும். ஓரத்து அம்புக்குறியை அழுத்தி அழுத்தித்தான் அதைப் பிடிக்க வேண்டும். 2025-இல் இந்த உலாவியில் வந்த மாற்றங்களில் உருப்படியானவை இந்தத் தொல்லையைத் தீர்ப்பவைதான் என்பது என் கணிப்பு. முதல் பாதி எல்லோருக்கும். பின்பாதி, சொந்தமாக ஒரு வலைப்பக்கமாவது உருவாக்கிப் பார்த்தவர்களுக்கு. எல்லாமே கணினிக்கானவை, கைப்பேசிக்கு அல்ல.

முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்

வலப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று கோடுகளைச் சொடுக்கி, 'ஹெல்ப்', பிறகு 'அபவுட் ஃபயர்பாக்ஸ்' என்று செல்லுங்கள். சிறிய பெட்டியில் எண் தெரியும். 138 அல்லது அதற்கு மேல் இருந்தால் இங்கே சொல்லும் எல்லாம் உங்களிடம் இருக்கும். குறைவாக இருந்தால் அந்தப் பெட்டியே புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளும்; மறுபடி தொடங்கச் சொல்லும்போது சம்மதியுங்கள். உபுண்டு லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் 'ஸ்னாப்' என்ற மென்பொருள் நிறுவும் முறை வழியாக வருவதால் அங்கே புதுப்பிப்பு தானாகவே நடக்கும்.

விண்டோஸ் 7, 8 கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி: அவற்றுக்கு 115-தான் கடைசிப் பதிப்பு. புதிய வசதிகள் அவற்றுக்கு வரா. அலுவலகக் கணினிகளிலும் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போட்டிருப்பார்கள். அங்கே எண் பின்தங்கியிருந்தால் கணினிப் பிரிவைத்தான் கேட்க வேண்டும்.

டேப்களை இடப்பக்கம் நிமிர்த்தி வையுங்கள்

2025 மார்ச்சில் வந்த 136-ஆம் பதிப்பிலிருந்து டேப்களைச் செங்குத்தாக அடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் எட்ஜில் இது 2021-லேயே வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸ்காரர்கள் அதுவரை நீட்டிப்புகள் எனும் கூடுதல் நிரல்களைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே டேப் வரிசையில் வெற்றிடமாக உள்ள பகுதியில் வலது கிளிக் செய்து, 'டர்ன் ஆன் வெர்ட்டிகல் டேப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரிசை மொத்தமும் இடப்பக்கப் பட்டைக்கு இறங்கிவிடும். இந்தத் தெரிவு கண்ணில் படாவிட்டால் 'செட்டிங்ஸ்' பக்கத்தின் 'ஜெனரல்' பகுதியில் 'பிரவுசர் லேஅவுட்' என்ற தலைப்பின் கீழ் தேடுங்கள்.

பெரும்பாலான திரைகள் அகலம் கூடியவை, உயரம் குறைந்தவை. பக்கத்தில் வீணாகக் கிடக்கும் இடத்தை டேப்களுக்குக் கொடுத்துவிட்டால், படிக்கும் பக்கத்துக்கு உயரம் கூடுதலாகக் கிடைக்கும். தலைப்பும் முழுதாகத் தெரியும். நீளமான தமிழ்த் தலைப்புகளுக்கு இது பெரிய உதவி. பட்டையின் அடியில் உள்ள பற்சக்கரக் குறியைச் சொடுக்கினால் பட்டையை வலப்பக்கத்துக்கு மாற்றலாம், வேண்டாத குறிகளை நீக்கலாம். செயற்கை நுண்ணறிவு உரையாடலுக்கான குறியையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். நான் முதல் வேலையாக அதன் டிக்கை எடுத்துவிட்டேன், உங்கள் விருப்பம்.

குழுக்களாகப் பிரியுங்கள்

டேப் குழு என்பது ஃபயர்பாக்ஸுக்குப் புதிதல்ல. 2011-இல் நான்காம் பதிப்பிலேயே 'பனோரமா' என்ற பெயரில் வந்தது. பயன்படுத்துவோர் குறைவு என்று 2016-இல் 45-ஆம் பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். அதன்பின் ஆண்டுக்கணக்கில் பயனர்கள் விடாமல் கேட்டுக்கொண்டேயிருக்க, 2025 ஏப்ரலில் 138-ஆம் பதிப்புடன் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

ஊருக்குப் போக ஏற்பாடு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரயில் நேரம், விடுதி, வானிலை என்று மூன்று டேப்கள். ஒரு டேப்பைப் பிடித்து இழுத்து மற்றொன்றின் மேல் கொண்டுபோய், ஒரு கணம் நிறுத்தி, நிறம் மாறியதும் விடுங்கள். அவசரப்பட்டு விட்டால் குழு உருவாகாமல் டேப் இடம் மாறி உட்கார்ந்துவிடும். சரியாக விழுந்தால் பெயரும் நிறமும் கேட்கும் பெட்டி வரும். 'பயணம்' என்று தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். மூன்றாவது டேப்பை அந்தக் குழுவுக்குள் இழுத்து விடுங்கள். இழுப்பது கைவரவில்லை என்றால் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி மூன்றையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து புதிய குழுவில் சேர்க்கலாம்.

குழுவின் பெயரைச் சொடுக்கினால் அது சுருங்கும். மறுபடி சொடுக்கினால் விரியும். பெயரின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் இரண்டைக் கவனமாகப் பிரித்தறியுங்கள். 'சேவ் அண்ட் குளோஸ் குரூப்' குழுவைப் பத்திரப்படுத்தி மூடும். 'டெலீட் குரூப்' டேப்களோடு சேர்த்து அழித்துவிடும். மூடி வைத்த குழுவைத் திரும்ப எடுக்க, எல்லா டேப்களையும் பட்டியலிடும் சிறிய அம்புக்குறியைச் சொடுக்குங்கள்; பெயர் அங்கே காத்திருக்கும். மூடிய குழு நினைவகத்தில் இடம் பிடிக்காது என்பதால் பழைய கணினிகளுக்கும் இது நல்லது.

முகவரிப் பட்டையில் இரண்டு தந்திரங்கள்

திறந்திருக்கும் டேப்களுக்குள் மட்டும் தேட, முகவரிப் பட்டையில் சதவீதக் குறியை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, தலைப்பில் உள்ள ஒரு சொல்லை எழுதுங்கள். இது பழைய வசதி, ஆனால் தெரிந்தவர்கள் குறைவு. சதவீதக் குறிக்குப் பதில் நட்சத்திரக் குறியை இட்டால் புத்தகக்குறிகளுக்குள் தேடும்.

137-ஆம் பதிப்பில் வந்தது கணக்கு. 2750*12 என்று எழுதினால் விடை பட்டியலில் வந்துவிடும், சொடுக்கினால் நகலாகும். அதே பதிப்பில் பிடிஎஃப் கோப்பில் கையொப்பம் இடும் வசதியும் வந்திருக்கிறது. படிவத்தை அச்சடித்து, கையெழுத்திட்டு, மறுபடி ஸ்கேன் செய்யும் வேலை பல இடங்களில் மிச்சம்.

பக்கம் உருவாக்குபவர்களுக்கு

இனி வருபவற்றில் சில புதியவை அல்ல. ஆனாலும் தொடக்கநிலையில் உள்ளவர்கள் இவற்றைத் தொடாமலே மாதக்கணக்கில் திண்டாடுகிறார்கள் என்பதால் சேர்க்கிறேன். உங்கள் பக்கத்தைத் திறந்து, ஏதாவது ஒரு பத்தியின் மேல் வலது கிளிக் செய்து, 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே திறக்கும் பலகையில் ஒரு பக்கம் பக்கத்தின் கட்டமைப்பும், அதை ஒட்டி அந்தப் பத்திக்குப் பொருந்தும் சிஎஸ்எஸ் விதிகளும் இருக்கும்.

விதிகளில் ஏதாவது ஒரு வரி மங்கலாகத் தெரிந்து, அருகில் சிறிய 'ஐ' குறி இருந்தால் அந்த வரி வேலை செய்யவில்லை என்று பொருள். குறியின் மேல் சுட்டியை வையுங்கள். ஏன் வேலை செய்யவில்லை, என்ன மாற்ற வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கும். வரிக்குள் ஓடும் ஓர் இணைப்புக்கு அகலம் கொடுத்துவிட்டு, ஏன் அசையவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு இந்த ஒரு குறிப்பே போதும். 2019-இல் 70-ஆம் பதிப்பில் வந்த வசதி இது. குரோம் பிற்பாடு பின்பற்றியது.

தமிழில் பக்கம் உருவாக்குபவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது எழுத்துருப் பலகை. ரோபோட்டோ, பாப்பின்ஸ் போன்ற பெயர்களை எழுதி வைத்துவிட்டு, தமிழும் அதில்தான் தெரிகிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த இரண்டிலும் தமிழ் எழுத்துகளே இல்லை. உலாவி சத்தமில்லாமல் கணினியில் உள்ள வேறொரு எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா. அதனால்தான் உங்கள் கணினியில் ஒரு மாதிரியும் நண்பர் கணினியில் வேறு மாதிரியும் தெரிகிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து, விதிகளுக்குப் பக்கத்தில் உள்ள 'ஃபான்ட்ஸ்' பிரிவைத் திறங்கள். எழுதி வைத்த பெயர் அல்ல, உண்மையில் திரைக்கு வந்த எழுத்துருவின் பெயர் அங்கே இருக்கும். இரண்டு பெயர்கள் இருந்தால் ஆங்கில எண்களுக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று பொருள். பக்கத்தில் உள்ள எல்லா எழுத்துருக்களையும் காட்டும் பகுதியில் ஒரு பெயரின் மேல் சுட்டியை வைத்தால், அந்த எழுத்துருவில் உள்ள சொற்கள் மட்டும் பக்கத்தில் ஒளிரும். முக்த மலர், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை முறையாக இணைத்துவிட்டு மறுபடி இதே பலகையில் சரிபாருங்கள். பெயரை மட்டும் எழுதினால் போதாது, கோப்பும் இறங்க வேண்டும்.

அடுத்து கண்ட்ரோல், ஷிப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கம் கைப்பேசி அகலத்துக்குச் சுருங்கும். அகலத்தை 360 என்று வைத்துத் தலைப்புகளைக் கவனியுங்கள். 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான' போன்ற சொல் பெரிய எழுத்தில் வந்தால் திரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிஎஸ்எஸ்ஸில் உள்ள 'ஓவர்ஃபுளோ ராப்' பண்பைப் பயன்படுத்தினால் மடங்கும். என்னைக் கேட்டால் தலைப்பின் எழுத்தளவைக் குறைப்பதுதான் பார்வைக்கு நல்லது. மேலே உள்ள கருவிப் பட்டியலில் ஐபோன் என்று தேர்ந்தெடுத்தாலும் பக்கத்தை வரைவது ஃபயர்பாக்ஸின் கெக்கோ இயந்திரம்தான், சஃபாரி அல்ல. ஆகவே வெளியிடும் முன் உண்மையான கைப்பேசியில் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

இந்தப் பலகையில் விதிகளைத் திருத்திப் பார்க்கலாம். மாற்றம் உடனே தெரியும். ஆனால் பக்கத்தை மறுபடி ஏற்றினால் எல்லாம் போய்விடும். அதற்கு முன்பு 'சேஞ்சஸ்' பிரிவைத் திறந்தால், சேர்த்த வரிகள் பச்சையிலும் நீக்கியவை சிவப்பிலும் வரிசையாக இருக்கும். மொத்தமாக நகலெடுத்து உங்கள் கோப்பில் ஒட்டிச் சேமித்துவிட்டு, அதன்பிறகு பக்கத்தை ஏற்றுங்கள்.