ஊரடங்கில் பழகிய கையைத் திருத்துவது எப்படி?

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது சென்னையில் கால் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவசர சவாரி மட்டும்தான். அண்ணா சாலையில் குறுக்கே ஒரு நாய் போனால் அதுதான் டிராஃபிக். ஸ்பீடோமீட்டர் முள் தானாக எண்பதைத் தொடும். ஆளில்லாத சிக்னலில் நிற்க எனக்கே சிரிப்பு வரும். சரி, சிரித்துக்கொண்டே தாண்டியும் இருக்கிறேன்.

கூட்டம் திரும்பியது, பழக்கம் போகவில்லை. நந்தனத்தில் மஞ்சளைப் பார்த்ததும் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியது. குறுக்கே வந்த பால்காரர் பைக்கோடு கேனைப் பிடித்தபடி என்னை முறைத்தார். அன்றிலிருந்து மஞ்சள் விழுந்தால் முதலில் காலை எடுக்கிறேன். நீங்களும் அதையே முதலில் பழகுங்கள்.

காலிச் சாலையில் கண்ணை நம்பாதீர்கள். பக்கத்தில் வண்டி இல்லாவிட்டால் அறுபதுகூட நாற்பது மாதிரித்தான் தெரியும். முள்ளைப் பாருங்கள். நாற்பது எண்பதானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும்.

அப்புறம் காகிதங்கள். 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான லைசென்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) போன்றவற்றுக்கு மத்திய அரசு கொடுத்த கால நீட்டிப்புச் சலுகை 2021 அக்டோபர் 31-உடன் முடிந்துவிட்டது. அந்தச் சாக்கு இனி எடுபடாது.

பழைய அபராதம் இருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்தும் கேட்கும், ஆர்.சி.யை (வண்டிப் பதிவுச் சான்று) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.