பழைய அமெரிக்கச் சிற்றூர்ச் செய்தித்தாளை வாசிக்கும் முறை

18ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூர் வார இதழ் ஒன்றின் படி உங்களுக்குக் கிடைத்தால், முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரே தாளை மடித்து நான்கு பக்கமாக்கிய அவ்விதழ்களில், வெளிப்புறமான முதல், நான்காம் பக்கங்களை முன்கூட்டியே அச்சிட்டுவிட்டு, உட்பக்கங்களைத் தபால் வரும்வரை நிறுத்திவைப்பது அச்சகத்தாரின் வழக்கமாதலால், புதிய செய்தி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பக்கங்களில்தான் இருக்கும்.

அடுத்து, செய்தியின் தலையில் உள்ள ஊர்ப்பெயரையும் தேதியையும் பாருங்கள். லண்டன் என்றிருந்தால், அது கப்பலேறி வரப் பல வாரங்கள் ஆன பழஞ்செய்தி. பிற இதழ்களிலிருந்து எடுத்து அச்சிடுவதை அன்று யாரும் குற்றமாகக் கருதவில்லை. 1792ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டமே அச்சகத்தார் தங்களுக்குள் இதழ்களைக் கட்டணமின்றிப் பரிமாறிக்கொள்ள இடமளித்தது.

அச்சகத்தாரின் பெயரையும் ஊரையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதிலேயே ஒரு வரலாறு இருக்கக்கூடும்: மாசசூசெட்ஸ் ஸ்பை இதழை நடத்திய ஐசையா தாமஸ், 1775 ஏப்ரலில் தம் அச்சுப்பொறியைப் பாஸ்டனிலிருந்து இரவோடு இரவாக வூஸ்டருக்குக் கடத்தி, மே 3 அன்று, அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் மோதலின் செய்தியோடு இதழை மீண்டும் வெளியிட்டார்.

உள்ளூர்ச் செய்தி சொற்பமே. அதை ஊரார் வாய்வழியாகவே அறிந்திருந்தனர். ஊரின் நிலையை அறிய விளம்பரங்களை ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும். காகிதம் செய்யக் கந்தல் துணி கேட்கும் அறிவிப்பும், ஓடிப்போன தொழில் பழகும் சிறுவனுக்கான சன்மானமும், சந்தா பாக்கியை விறகாகவோ தானியமாகவோ செலுத்தலாம் என்ற அச்சகத்தாரின் மன்றாட்டும் அங்கேதான் கிடைக்கும்.