பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது?

போன வருடம் என் தங்கைக்குப் பாலக்கோட்டில் வீட்டில் உட்கார்ந்தபடியே கலந்தாய்வை முடித்தோம். அண்ணன் சேர்ந்தபோது கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்து அந்த நிமிடமே சொல்ல வேண்டியிருந்தது. 2018 முதல் எல்லாம் ஆன்லைன்.

பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 250. சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் வாங்கிக்கொள்ளலாம், அதில் பெரிய வேலையில்லை. ஒன்று மட்டும்: அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரிச் சான்று உங்களுக்குக் கிடையாது. நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டோம்.

1. கட்-ஆஃப், அதாவது 200-க்கு உங்கள் மதிப்பெண். கணிதம் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. தங்கைக்கு 95, 90, 92. அதாவது 95 + 45 + 46 = 186. நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டதால் இதை வைத்துத்தான் உங்கள் தரவரிசை.

2. துண்டுச் சீட்டு. எக்செல் வேண்டாம், போனில் விரலால் தள்ளித்தள்ளி வரிசை மாற்றுவதும் வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவையும் எழுதி, தரையில் பரப்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டு அடுக்குங்கள்.

3. வரிசை. நான் சறுக்கியது இங்கேதான். தங்கைக்கு ஆசை சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி. "அது எட்டாது, செட்டிக்கரையே போதும்" என்று பயந்து, செட்டிக்கரையில் இருக்கும் தருமபுரி அரசுக் கல்லூரியை முதலிலும் சேலத்தை இரண்டாவதிலும் போட்டேன். கணினி மேலிருந்து கீழே வரும்; காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். செட்டிக்கரை வந்தது. அதே பாடப்பிரிவு, அதே சாதிப் பிரிவு, 184.5 எடுத்த தோழிக்குச் சேலம் கிடைத்தது. "அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்" (கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ளதற்குக் காத்திருப்பது) கொடுத்து மாறிவிடலாம் என்று பார்த்தால், கிடைத்த இடத்துக்கு மேலே எழுதியவற்றுக்குத்தான் அது செல்லும். எங்களுக்கு மேலே ஒன்றுமே இல்லை.

ஆகவே ஆசையை மேலே எழுதுங்கள், நிச்சயம் கிடைக்கும் என்பதைக் கீழே. எட்டாததை மேலே வைத்தால் ஒரு நஷ்டமும் இல்லை, கணினி அதைத் தாண்டி அடுத்ததற்கு வந்துவிடும். போன வருடம் அந்தந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்-ஆஃபை வைத்து வரிசையை அடுக்காதீர்கள். எவ்வளவு கீழே வரை எழுத வேண்டும் என்று பார்க்க மட்டும் அது போதும்.

4. உறுதிசெய்தல். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறவர்கள் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு சேர்த்தது: தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பிரௌசிங் சென்டர்க்காரர் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிட்டாராம். ஓடிபி அவருக்குப் போகிறது, அவரோ ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. பதியும்போதே அம்மா அப்பா எண்ணைக் கொடுங்கள், அந்த சிம்முக்கு ரீசார்ஜும் போட்டு வையுங்கள்.