பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் மண் பாக்டீரியாவைப் பிடிப்பது எப்படி

புராஜெக்ட் செய்ய ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கையில் பாலித்தீன் பையோடுதான் வருவார்கள். அதை ஓரமாக வைக்கச் சொல்வேன். பாலித்தீன் சங்கிலி முழுக்கக் கார்பன்-கார்பன் பிணைப்பு. நொதிக்கு அதில் பிடி கிடைப்பது அரிது. பிசிஎல் எனப்படும் பாலிகேப்ரோலேக்டோனில் தொடங்குங்கள். அது பாலியெஸ்டர், அதாவது நொதி வெட்டக்கூடிய எஸ்டர் பிணைப்புகளால் கோத்த சங்கிலி. இலைகளின் மேல்தோலில் உள்ள கியூட்டினும் பாலியெஸ்டர்தான். அதை வெட்டப் பழகிய நொதிகள் பிசிஎல்லையும் வெட்டும். அதனால் குப்பைமேட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. இலை மக்கிக் கிடக்கும் மரத்தடி மண்ணே எனக்குப் பிடித்தது.

ஒரு கிராம் பிசிஎல்லை அசிட்டோனில் வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கரையுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. சுழலும் அரை லிட்டர் ஸ்டெரைல் நீரில் சொட்டுச்சொட்டாக விட்டால் பாலாக வெளுக்கும். ஃபியூம் ஹுட்டில் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டியில்) இரவு முழுக்கச் சுழலவிட்டு அசிட்டோனைப் போக்குங்கள். இன்னொரு அரை லிட்டரில் பாக்டீரியா வளரத் தேவையான தாது உப்புகளையும் கூழாக உறையவைக்கும் அகாரையும் இரட்டிப்பு அளவு போட்டு ஆட்டோக்ளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), 50 டிகிரிக்கு ஆறியபின் இரண்டையும் கலந்து பிளேட்டுகளில் (வட்டமான மூடித் தட்டுகளில்) ஊற்றுங்கள். பிசிஎல் 60 டிகிரியில் உருகிவிடும், அவசரப்பட்டால் கட்டிதட்டும். சர்க்கரை சேர்க்காதீர்கள், பாக்டீரியா அதைத்தான் முதலில் தின்னும்.

ஒரு கிராம் மண்ணை 9 மில்லி உப்புநீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 0.1 மில்லியை பிளேட்டின் மேல் பரப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மண் போடாத பிளேட் ஒன்றும் கட்டாயம். 30 டிகிரியில் வையுங்கள்.

சில நாள் கழித்து, பிளேட்டைக் கறுப்புத் தாளுக்கு மேலே சாய்த்துப் பாருங்கள். வெள்ளை அகாரில் காலனியைச் சுற்றிக் கண்ணாடி போலத் தெளிந்த வளையம் தெரியும்: நொதி செல்லுக்கு வெளியே பரவி பிசிஎல்லைக் கரைத்த இடம் அது. வளையமில்லாமல் வளர்ந்தவை அகாரிலுள்ள மிச்சம்மீதியில் பிழைத்திருக்கலாம், விட்டுவிடுங்கள். வளையம் வந்ததைப் புதிய பிசிஎல் பிளேட்டில் மறுபடி கோடிட்டு உறுதிசெய்யுங்கள்.

அடுத்து பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) ஃபிலிம். ஜப்பானின் சகாய் நகரில் பாட்டில் மறுசுழற்சி ஆலையருகே கண்டெடுத்து 2016-இல் அறிவித்த இடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியாவுக்கே, படிகத்தன்மை குறைந்த மெல்லிய ஃபிலிமைச் சிதைக்க 30 டிகிரியில் ஆறு வாரம் ஆனது. பாட்டில் சுவர் இன்னும் கடினம்.

பாலித்தீன் பக்கம் அதற்கெல்லாம் பிறகு வரலாம். ஆனால் எடை குறைந்தது என்பதை மட்டும் சான்றாகக் காட்டும் அறிக்கையில் நான் கையெழுத்திட மாட்டேன். பிளாஸ்டிக்கில் சேர்த்த கலப்புப் பொருள்கள் கசிந்தாலும் எடை குறையும். பாக்டீரியா இல்லாத குடுவையையும் கூடவே வைத்து எடை போடுங்கள். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து கொண்டுவாருங்கள்.