கொம்பை எண்ணிச் சண்டை போடுவோர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டை ஊர்த் திருவிழா மாதிரி. நவம்பர் கடைசியில் துப்பாக்கி சீசன் தொடங்கும்போது பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 2002-ல் ஒரு விதி வந்தது. ஆண் மானின் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளை இருந்தால்தான் சுடலாம். மேற்குப் பகுதியில் நான்கு. இளம் ஆண் மான்களைச் சுடாமல் வளர விடுவதுதான் நோக்கம். இதை முன்னின்று கொண்டுவந்த உயிரியலாளர் கேரி ஆல்ட், அதுவரை கரடி ஆராய்ச்சிக்காக மாநிலமே கொண்டாடிய மனிதர். மான் பக்கம் வந்ததும் மிரட்டல்கள் கிளம்பின. குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு பொதுக்கூட்டத்துக்குப் போகும் நிலைமை.

இருபது வருஷம் தாண்டியும் வாதம் ஓயவில்லை. இளம் மானைச் சுடுவது சரியா தவறா என்று பேச ஆரம்பிப்பவர்கள், இரண்டு தரப்பிலுமே, அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

கொம்பைப் பார்த்து வயது சொல்வது

மானின் கொம்பு ஆட்டுக் கொம்பு போல ஆயுள் முழுக்க வளர்வதில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் உதிர்ந்து, வசந்தத்தில் புதிதாக முளைக்கும். எத்தனை கிளை விடும் என்பதில் வயதுக்குப் பங்கு உண்டுதான்; ஆனால் அந்த வருஷம் என்ன தின்றது என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. சோளக்காட்டை ஒட்டி வளர்ந்த ஒன்றரை வயது மானுக்கு எட்டுக் கிளைகூட இருக்கலாம். வறண்ட மலைக்காட்டில் அதே வயது மானுக்குக் கிளையே விடாத இரண்டு முள் மட்டும் இருக்கும்.

பென்சில்வேனியாவின் மேற்கில் மட்டும் நான்கு கிளை கேட்டதற்குக் காரணம் இதுதான். அங்கே மேய்ச்சல் நல்ல மேய்ச்சல். மூன்று என்று வைத்தால் ஒன்றரை வயது மான்கள் பலவும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். விதிக்கு முன்பு, சுடப்பட்ட கொம்புள்ள மான்களில் ஏறக்குறைய பத்தில் எட்டு ஒன்றரை வயதுக் குட்டிப்பயல்கள். அவற்றில் பாதிக்கு மேலாவது அடுத்த வருஷத்தைப் பார்க்கட்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. இப்போது அங்கே சுடப்படும் ஆண் மான்களில் பாதிக்கு மேல் இரண்டரை வயதோ அதற்கு மேலோ.

டெக்சஸ் வேறு வழி பிடித்தது. 2002-ல் ஆறு கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) முக்கியமாக அகலத்தை அளந்தார்கள். இரண்டு கொம்புக்கும் இடையில் உள்பக்கமாக 13 இன்ச் இருக்க வேண்டும். காட்டில் டேப் வைத்தா அளப்பது? காதை விறைத்துக்கொண்டு நிற்கும் மானுக்கு ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை ஏறத்தாழ அதே 13 இன்ச்தான். கொம்பு காதைத் தாண்டி வெளியே தெரிந்தால் பெரிய மான். கிளையே விடாத கொம்பு ஒன்றாவது இருந்தால் அதையும் சுடலாம் என்று விட்டுவைத்தார்கள். எனக்கு இது மற்றதைவிடப் புத்திசாலித்தனமான விதியாகப் படுகிறது.

எந்த விதியும் பெரிய கொம்பைத் தரும் என்று நம்புவது

மிசிசிப்பியில் 1995-ல் மாநிலம் முழுக்க, இரண்டு கொம்பும் சேர்த்து மொத்தம் நான்கு கிளை என்று வைத்தார்கள். இளம் மான்களில் கொம்பு செழிப்பாக வளர்ந்தவை முதல் வருஷமே நான்கைத் தொட்டன, சுடப்பட்டன. நோஞ்சான் கொம்புக்காரர்கள் தப்பினார்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தால், வளமான பகுதிகளில்கூட வயதான மான்களின் கொம்பு முன்பைவிடச் சிறிது. நல்லதை வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தை வளர்த்தால் வேறென்ன நடக்கும்? பிற்பாடு அங்கேயும் அகலத்துக்கும் கொம்பின் நீளத்துக்கும் மாறினார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. “முள் கொம்பன் என்றைக்கும் முள் கொம்பன்தான், சுட்டுத் தள்ளு, இனம் சுத்தமாகும்” என்பார்கள். தாமதமாகப் பிறந்த குட்டிக்கும், தாய் சரியாக மேயாத குட்டிக்கும் முதல் கொம்பு சிறிதாகத்தான் வரும். தவிர, கொம்பின் மரபில் பாதி தாயிடமிருந்து வருகிறது. தாய்க்குக் கொம்பே கிடையாது. அதை எதை வைத்துத் தரம் பிரிப்பது?

ஆணை விட்டுவைத்தால் மந்தை பெருகும் என்பது

ஓர் ஆண் பல பெண்களுடன் சேரும். மந்தை ஏறுவதும் இறங்குவதும் எத்தனை பெண் மான் உயிரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பென்சில்வேனியாவில் அதே காலத்தில் பெண் மான் வேட்டையையும் கூட்டினார்கள், ஏனென்றால் காட்டின் இளஞ்செடிகளை மான்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. கண்ணில் படும் மான் குறைந்தது. பழியைக் கொம்பு விதி மேல் போட்டவர்கள் ஏராளம்.

விதியை ஒழுக்கம் என்று நினைப்பது

வாதம் சூடாவது இங்கேதான். சின்ன மானைச் சுட்டவனைக் கேலி செய்வது, “குட்டியைக் கொன்றாயே” என்பது. சரி, பென்சில்வேனியாவின் விதிப்புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே சிறுவர் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு மூன்று கிளை தேவையில்லை. மூன்று இன்ச் நீளமுள்ள முள் கொம்பே போதும். இளம் மானைச் சுடுவது பாவம் என்றால் அதைப் பிள்ளைகள் கையிலா கொடுப்பார்கள்? விதி எண்ணிக்கைக்காக எழுதப்பட்டது. அதில் அறம் தேடுவது நாம்தான்.

(1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் மானை வேட்டையாடினால் சிறை. அதனால் நமக்கு இந்தத் தகராறே விநோதமாகத் தெரியலாம்.)

ஐரோப்பாவில் வழக்கம் தலைகீழ். ஸ்வீடனில் ஒவ்வொரு வருஷமும் சுடப்படும் மூஸ்களில் (மான்களிலேயே பெரிய இனம்) கணிசமான பங்கு கன்றுகள். குளிர்காலத்தில் முதலில் சாவதும் அவைதான், ஈன்று பழகிய தாயைவிட மந்தைக்கு அவற்றின் இழப்பு லேசு. ஜெர்மனியில் முதலில் குட்டி, அப்புறம்தான் தாய். குட்டி தானாகப் பிழைக்கும் வரை, அதை வளர்க்கும் தாயைச் சுடுவது அங்கே சட்டப்படி குற்றம்.

தாயை இழந்த குட்டி என்ன ஆகும் என்று கேட்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இந்தத் தகராறுக்கெல்லாம் காரணமான வெள்ளைவால் மானின் குட்டி பத்து வாரத்துக்குள் புல்லும் இலையும் செரிக்கப் பழகிவிடுகிறது. நவம்பருக்குள் உடம்பின் புள்ளிகளும் மறைந்திருக்கும். வர்ஜீனியாவில் ரேடியோ பட்டை கட்டிப் பார்த்தபோது, தாயை இழந்த ஆண் குட்டிகள் பிறந்த இடத்தை விட்டு அதிகம் ஓடாமல், மற்றவற்றைவிட நன்றாகவே பிழைத்தன. ஒரு வயதில் ஆணைத் துரத்திவிடுவதில் தாய்க்குப் பங்கு இருக்கிறது.

என்னைக் கேட்டால், இறைச்சிக்காகக் குட்டியைச் சுடுபவரைவிட, சுவரில் மாட்டக் கொம்பு தேடுபவர் ஒழுக்கம் பேசுவதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

தெரியாமல் சுடுவது

பெண் மான் என்று நினைத்து ஆறு மாத ஆண் குட்டியைச் சுட்டுவிடுவது சகஜம். பட்டன் பக் என்பார்கள். கொம்பு வர வேண்டிய இடத்தில் தோலுக்கு அடியில் இரண்டு மேடு மட்டும் இருக்கும். துப்பாக்கியின் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பார்க்கும்போது தலை உச்சி காதுகளுக்கு நடுவே தட்டையாக இருந்தால் ஆண் குட்டி, உருண்டிருந்தால் பெண். குட்டிக்கு மூக்கு குட்டை, உடம்பு சதுரம். வளர்ந்த தாய்க்கு மூக்கு நீளம், உடம்பும் நீளவாக்கில். சாயங்காலம் வயலுக்கு முதல் ஆளாகத் தனியே வரும் சின்ன மானைச் சந்தேகப்படுங்கள், அது பெரும்பாலும் பட்டன் பக். இரண்டு மூன்று மான் சேர்ந்து நின்றால் அளவை ஒப்பிடலாம்.

ஒருமுறை போட்ட விதி என்றைக்கும் சரி என்பது

மிசோரி 2004-ல் 29 கவுண்டிகளில் ஒரு பக்கம் நான்கு கிளை என்று தொடங்கியது. பிறகு மான்களை உருக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்ற தொற்றுநோய் அங்கே தலைகாட்டியது. வயதான ஆண் மான்களிடம் இது அதிகம். பிறந்த இடம் விட்டுப் பல கிலோமீட்டர் ஓடும் இளம் ஆண்கள் அதைப் புது இடத்துக்குக் கொண்டுபோகக்கூடும். இளம் ஆண்களைக் காப்பாற்றி வயதாக விடுவதற்காகப் போட்ட விதியை, நோய் வந்த கவுண்டிகளில் மாநில வனத்துறையே எடுத்துவிட்டது.